சட்டம், நிலம், பள்ளி: தென்காசி – செங்கோட்டை எல்லையை முன்வைத்து அடிமை ஒழிப்பும் கிறித்தவ அருட்பணியும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயக் கம்பெனியின் திருநெல்வேலி மாவட்டத்திலும், அவற்றை அடுத்த செங்கோட்டை திருவிதாங்கூர் அரசிலும் இருந்தன. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் எல்லையின் ஒரு புறத்தில் அடிமை உரிமையை நீதிமன்ற ஏற்பிலிருந்து நீக்கியது. மறுபுறத்தில் அந்நிலை 1855இல்தான் வந்தது. இந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியை அடிப்படையாகக் கொண்டு, அடிமைப்பட்டிருந்த உழைக்கும் மக்களிடையே கிறித்தவ அருட்பணி அமைப்புகள் கையாண்ட மூன்று வழிமுறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. நிலம் வாங்கிக் குடியமர்த்துதல், அரசிடம் மனுச் செய்தல், பள்ளியும் கைத்தொழிலும் அளித்தல் என்பன அவை. தனித்து நின்ற நிலையில் இவற்றுள் எதுவும் விடுதலையை முழுமையாக்கவில்லை என்பதும், அருட்பணி எளிதில் வேரூன்றிய இடங்கள் அடிமைத்தனம் மிகக் கடுமையாக இருந்த இடங்கள் அல்ல என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: ஆளடிமை, பண்ணையாள், தர்ம சங்கம், திருவிதாங்கூர், செங்கோட்டை, சர்ச் மிஷனரி சங்கம், இலண்டன் மிஷனரி சங்கம், கொத்தடிமை

முன்னுரை

நலிந்த மக்களுக்குக் கிறித்தவ அமைப்புகள் ஆற்றிய தொண்டு குறித்த தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளில் ஒன்றைச் சார்ந்து நிற்கின்றன. ஒன்று, அத்தொண்டே அடித்தள மக்களின் விடுதலைக்கு முதற்காரணம் என்னும் பாராட்டு நிலைப்பாடு. மற்றொன்று, தொண்டு என்பது மதமாற்றத்துக்கான கருவி மட்டுமே என்னும் ஐய நிலைப்பாடு. இவ்விரண்டும் அருட்பணியாளரின் நோக்கத்தையே அளவுகோலாகக் கொள்கின்றன. உதவி பெற்றவருடைய வாழ்நிலையில் எந்தக் கட்டு அவிழ்ந்தது, எந்தக் கட்டு அவிழவில்லை என்னும் வினா இவ்விரு நிலைப்பாடுகளிலும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

அவ்வினாவை முன்னிறுத்துவதற்குத் தென்காசி – செங்கோட்டைப் பகுதி பொருத்தமான களமாகும். ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இவ்விரு ஊர்களும் ஒரே மொழியையும், ஒத்த வேளாண்மை முறையையும், ஒரே கணவாயின் சாரலையும் பகிர்ந்துகொண்டவை. ஆயினும் 1956 நவம்பர் 1 வரை அவை வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தன. மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது செங்கோட்டை வட்டத்தின் தமிழ்ப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்று இரண்டும் 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவை. மண்ணும் மக்களும் ஒத்திருக்க, சட்டம் மட்டும் வேறுபட்ட காலத்தை ஒப்பிட்டு நோக்குவது, சட்டத்தின் பங்கையும் தொண்டின் பங்கையும் பிரித்தறிய உதவும்.

எல்லையின் இரு புறம்

1801இல் கர்நாடக நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியாகத் திருநெல்வேலிச் சீமையின் ஆட்சி முழுமையாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. தென்காசியும் குற்றாலமும் அதில் அடங்கின. மேற்கே செங்கோட்டையும், ஆரியங்காவுக் கணவாய்க்குச் செல்லும் வழியும் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தன. திருவிதாங்கூர் கம்பெனியுடன் துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்ட அரசாயினும், உள்நாட்டுச் சட்டங்களை இயற்றும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆதலால் மதராஸ் மாகாணத்துக்குரிய சட்டங்கள் செங்கோட்டைக்குச் செல்லுபடியாகவில்லை.

இரு பகுதிகளிலும் ஆளடிமை முறை நிலவியது. தமிழகத்தில் மனிதரை விற்கவும் ஒற்றி வைக்கவும் எழுதப்பட்ட ஓலைகள் குறித்து ஆ. சிவசுப்பிரமணியன் தமிழகத்தில் அடிமை முறை என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கேரளப் பகுதிகளில் அடிமைகள் ஜன்மம், காணம், பாட்டம் என நிலத்துக்குரிய அதே வகைப்பாடுகளின்படி கைமாறினர். ஜன்மம் என்பது முற்றுரிமையையும், காணம் என்பது ஈட்டின்மேல் பெறும் உரிமையையும், பாட்டம் என்பது குத்தகையையும் குறிக்கும். நிலத்தைக் குறிக்கும் சொற்களே மனிதரையும் குறித்தன என்பது, அடிமை நிலத்தின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டதைக் காட்டுகிறது. அக்கால ஆவணங்களில் திருநெல்வேலிப் பகுதியில் பள்ளர், பறையர் எனவும், திருவிதாங்கூரில் புலையர், பறையர், குறவர் எனவும் குறிக்கப்பட்ட சமூகத்தினரே பெரிதும் இந்நிலைக்கு ஆட்பட்டிருந்தனர்.

திருவிதாங்கூரில் 1836இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கு 12,80,668 பேரைப் பதிவு செய்தது. அவர்களுள் 1,64,864 பேர் அடிமைகள். அதாவது எட்டுப் பேரில் ஒருவர் அடிமை. அவர்களுள் ஒரு பகுதியினர் அரசுக்கே உரிமையான அடிமைகள் என்பது பின்னர் நோக்கவிருக்கும் மனுவைப் புரிந்துகொள்ள இன்றியமையாத செய்தியாகும்.

நன்செயும் புன்செயும்

அடிமைத்தனத்தின் கடுமை எல்லா நிலத்திலும் ஒரே தன்மையது அன்று. திருநெல்வேலியின் வேளாண் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் லட்டன், ஆற்றுப்பாசன நன்செய்ப் பகுதியையும், பனையும் புன்செய்ப் பயிரும் மிகுந்த வறண்ட பகுதியையும் வேறுபட்ட சமூக அமைப்புகளாகக் காட்டுகிறார். நன்செய்ப் பகுதியில் நிலம் பிராமண, வேளாளக் குடும்பங்களின் கையில் இருந்தது. நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகியவற்றுக்கு ஒரே காலத்தில் பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். அவ்வாட்களை ஊரைவிட்டு அகலாமல் வைத்திருப்பது நிலவுடைமையாளரின் முதன்மைத் தேவையாயிற்று. பனங்காட்டுப் பகுதியில் இத்தகைய கட்டு ஒப்பளவில் தளர்ந்திருந்தது.

குற்றால அருவிகளின் நீர் சிற்றாறாகி, தென்காசியைச் சுற்றியுள்ள நெல்வயல்களுக்குப் பாய்ந்து, பின் தாமிரவருணியில் கலக்கிறது. எனவே தென்காசிப் பகுதி முதல்வகை நிலத்தைப் பெருமளவு கொண்டது. கம்பெனி அதிகாரிகளும் பிற ஐரோப்பியரும் குற்றாலத்தைத் தென்மேற்குப் பருவக்காலத்து ஓய்விடமாகக் கொண்டிருந்தனர். அவர்கள் உடல்நலம் நாடிச் சென்ற அந்நீரே, கீழே ஆட்களைக் கட்டிவைத்துச் செய்த நெல் வேளாண்மைக்கும் ஆதாரமாக இருந்தது.

இப்புவியியல் வேறுபாடு அருட்பணியின் பரவலையும் வரையறுத்தது. திருநெல்வேலியில் சீர்திருத்தக் கிறித்தவம் விரைந்து பரவியது தென்கிழக்கின் பனைநிலத்தில், நாடார் மக்களிடையேதான். சிற்றாற்று வடிநிலத்திலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும் நல்லூர், சுரண்டை போன்ற ஊர்கள் சர்ச் மிஷனரி சங்கத்தின் மையங்களாக வளர்ந்தன. எனினும் நன்செய் ஊர்களின் பண்ணையாட்களை அடைவது எளிதாக இருக்கவில்லை. ஊதியத்துக்கும் குடியிருப்புக்கும் நிலவுடைமையாளரையே சார்ந்திருந்த ஒருவர், அவருடைய ஒப்புதலின்றிப் பள்ளிக்கோ வழிபாட்டுக்கோ செல்வது பிழைப்பை இழக்கும் செயலாகும். உதவி மிகுதியாகத் தேவைப்பட்டவரே உதவிக்கு எட்டாத தொலைவில் இருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

உலகச் சூழல்

இப்பகுதியில் பணியாற்றிய இரு பெரும் அமைப்புகளும் அடிமை ஒழிப்பு இயக்கத்துடன் தொடர்புடையவை. 1799இல் தோன்றிய சர்ச் மிஷனரி சங்கத்தின் தொடக்கத்தில் வில்லியம் வில்பர்போர்சு உள்ளிட்ட கிளாப்பம் குழுவினர் பங்குகொண்டனர். ஆப்பிரிக்காவில் சியரா லியோனில், கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட அடிமைகளிடையே பணியாற்றுவது அச்சங்கத்தின் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. 1795இல் தோன்றிய இலண்டன் மிஷனரி சங்கத்தின் ஜான் ஸ்மித் என்பார், தென் அமெரிக்காவின் டெமராராவில் 1823இல் நிகழ்ந்த அடிமைகளின் கிளர்ச்சியைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பெற்று, 1824இல் சிறையிலேயே இறந்தார். அதே சங்கத்தினரே நாகர்கோவிலிலும் பணியாற்றினர்.

எனினும் பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது. அமெரிக்கத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைமுறையைக் கண்டித்த அதே நாடாளுமன்றம், தென்காசியின் நெல்வயலைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கியது. அவ்வாண்டே இயற்றப்பட்ட கம்பெனியின் பட்டயச் சட்டம், அடிமைகளின் நிலையைத் தணிக்கவும், இயன்றபோது முறையை ஒழிக்கவும் ஆளுநர் நாயகத்தைப் பணித்தது. இந்தியச் சட்ட ஆணையம் 1841இல் அடிமைமுறை குறித்த அறிக்கையை அளித்தது. அதன் பின்னரே 1843ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

1843ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததும் செய்யாததும்

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் மிகச் சுருக்கமானது. அடிமை என்னும் காரணத்தால் ஒருவரை அரசு அலுவலர் விற்கக் கூடாது. ஒருவரை அடிமையாகக் கொள்ளும் உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டக் கூடாது. அடிமை என்பதால் ஒருவருடைய சொத்துரிமையை மறுக்கக் கூடாது. அடிமை அல்லாதவருக்கு எதிராகச் செய்தால் குற்றமாகும் செயல், அடிமைக்கு எதிராகச் செய்தாலும் குற்றமே என்பன அதன் சாரம்.

இச்சட்டம் எவரையும் நேரடியாக விடுவிக்கவில்லை. அடிமை வைத்திருப்பதைக் குற்றமாகவும் ஆக்கவில்லை. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது, 1860இல் இயற்றப்பட்டு 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியாகத்தான். 1843க்குப் பின் தென்காசி வட்டத்தில் தப்பிச்சென்ற பண்ணையாளை மீட்டுத் தருமாறு நீதிமன்றத்தை நாட இயலாது. செங்கோட்டையில் அத்தகைய தடை இன்னும் பிறக்கவில்லை. ஆயினும் தென்காசிப் பக்கத்தில் இருந்த பண்ணையாளும் நீதிமன்றத்தின் உதவியின்றியே கட்டுண்டு கிடக்க வழிகள் இருந்தன. குடிசை நின்ற மனை நிலவுடைமையாளருக்கு உரியது. திருமணத்துக்கோ பஞ்ச காலத்துக்கோ பெற்ற முன்பணம் தலைமுறைகளைக் கடந்து தீராக் கடனாகத் தொடர்ந்தது. கூலி தானியமாக அளக்கப்பட்டதால் கையிருப்பு என ஒன்று சேர்வதற்கு இடமில்லை. அடிமை என்னும் சட்டநிலை நீங்கிய இடத்தில் கடன் அமர்ந்தது. தென்னிந்தியாவின் நிலமும் சாதியும் பற்றி ஆராய்ந்த தர்மா குமாரும், வேளாண் அடிமைமுறையை ஆராய்ந்த பெனடிக்ட் ஹ்யேலேயும் இத்தொடர்ச்சியைச் சுட்டியுள்ளனர்.

ஆகவே விடுதலைக்கு மூன்று தேவைகள் இருந்தன எனலாம். உரிமையாளரின் கோரிக்கையைச் சட்டம் மறுக்க வேண்டும். அவருடைய மனையிலிருந்து வெளியேற்றப்பட்டால் நிற்பதற்கு இடம் வேண்டும். அவருடைய கூலியை நம்பாமல் வாழத் திறனும் வருவாயும் வேண்டும். அருட்பணி அமைப்புகள் கையாண்ட மூன்று வழிமுறைகளும் இம்மூன்று தேவைகளுக்கு நேர்நின்றன.

நிலம்: முதலூரும் தர்ம சங்கமும்

முதல் வழிமுறை நிலம் வாங்கிக் குடியமர்த்துவது. 1799இல் சாத்தான்குளத்தை அடுத்த பகுதியில், சமயம் மாறியதால் துன்புறுத்தப்பட்டவர்களுக்காக முதலூர் உருவாயிற்று. உபதேசியார் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சி அதன் தோற்றத்துக்குக் காரணமாயிற்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த செர்மானியரான சி.டி.இ. இரேனியசு இம்முறையை விரிவாக்கினார். 1827இல் செர்மானியப் பிரபுவான டோனா அளித்த நன்கொடையைக் கொண்டு களக்காட்டுக்கு அருகில் வாங்கப்பட்ட ஊர் அவர் பெயராலேயே டோனாவூர் ஆயிற்று. 1830இல் இரேனியசு தர்ம சங்கம் என்னும் அமைப்பை ஏற்படுத்தினார். ஊரைவிட்டு வெளியேற்றப்படும் ஏழைக் கிறித்தவர்கள் குடியேறுவதற்கான மனைகளையும் நிலங்களையும் வாங்குவது அதன் நோக்கம்.

இதன் சமூகப் பொருள் கருதத்தக்கது. வெளியேற்றம் என்பதே நிலவுடைமையாளரின் இறுதி ஆயுதம். குடிசையைப் பிரித்தெறிந்தால் செல்ல இடமில்லை என்னும் அச்சமே பணிவை உறுதிசெய்தது. குடியிருப்பு மனையை நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து பிரித்ததன் வழியாகத் தர்ம சங்கம் அவ்வாயுதத்தின் கூர்மையை மழுக்கியது. சட்டம் 1843இல் தொடாமல் விட்ட ஒன்றை, அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே இவ்வழிமுறை தொட்டிருந்தது.

அதன் குறைகளும் தெளிவானவை. முதலாவது, இதனால் பயன்பெற்றோர் பெரும்பாலும் பனையேறும் நாடார் குடும்பத்தினர். நன்செய்ப் பண்ணையாட்கள் அல்லர். இரண்டாவது, நிலம் அமைப்பின் பெயரில் இருந்ததால், குடியிருப்போரின் சார்பு நிலவுடைமையாளரிடமிருந்து அருட்பணியகத்துக்கு இடம்பெயர்ந்தது. திருச்சபை ஒழுங்கை மீறியவர் குடியிருப்பையும் இழக்க நேரிடலாம் என்னும் நிலை, புகலிடத்தையே ஒரு கட்டாக மாற்றக்கூடியது.

மனு: 1847

இரண்டாவது வழிமுறை திருவிதாங்கூர்ப் பக்கத்துக்குரியது. அங்கு 1812இல் இராணி கௌரி இலட்சுமிபாயின் ஆட்சியில், ரெசிடெண்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டது. ஆனால் வேளாண் அடிமைகள் அத்தடைக்குப் புறம்பாக வைக்கப்பட்டனர். நிலத்தோடு சேர்ந்து கைமாறும் அடிமையே பெரும்பான்மையாக இருந்த நாட்டில் இவ்விலக்கு அத்தடையின் பயனைப் பெரிதும் குறைத்தது.

1847 மார்ச்சில் திருவிதாங்கூரில் பணியாற்றிய இலண்டன் மிஷனரி சங்கத்தினரும் சர்ச் மிஷனரி சங்கத்தினரும் இணைந்து மன்னர் உத்திரம் திருநாளிடம் அடிமை ஒழிப்பு வேண்டி மனு அளித்தனர். 1836ஆம் ஆண்டுக் கணக்கின் எண்ணிக்கையை ஆதாரமாகக் காட்டியதும், அரசுக்குரிய அடிமைகளை முதலில் விடுவிக்க வேண்டும் எனக் கோரியதும் இம்மனுவின் சிறப்பு. தனியார் உடைமையில் கைவைக்க அரசு தயங்கலாம். தன் உடைமையிலுள்ள மனிதரை விடுவிக்க எவருடைய இசைவும் தேவையில்லை. அதே காலத்தில் ரெசிடெண்ட் ஜெனரல் கல்லன், மதராஸ் அரசு ஆகியோரின் வற்புறுத்தலும் இருந்தது. எல்லைக்கு அப்பால் 1843ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தமை அவ்வற்புறுத்தலுக்கு வலுவூட்டியது.

உடனடிப் பயன் விளையவில்லை. 1853 செப்டம்பரில் வெளியான அரசாணை, அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விடுதலை அளித்தது. 1855 ஜூனில் வெளியான அரசாணை, அரசு அடிமைகள் அனைவரையும் விடுவித்ததோடு, தனியாரின் அடிமை உரிமைக் கோரிக்கைகளை நீதிமன்றங்கள் ஏற்பதையும் தடுத்தது. இதன்பின் செங்கோட்டை, தென்காசி 1843இல் அடைந்த சட்டநிலையை எய்தியது.

இம்மனுவின் பங்கை மிகைப்படுத்துவதும் குறைத்து மதிப்பிடுவதும் பொருந்தாது. காலனிய அதிகாரத்தின் அழுத்தமின்றி மனு மட்டும் அரசை அசைத்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. அதே வேளையில், அடிமைகளின் அன்றாட நிலையை நேரில் அறிந்து, எண்ணிக்கையோடு அதிகார மையத்துக்கு எடுத்துச் சென்றவர்கள் அருட்பணியாளர்களே. உரிமையாளர்களுள் இந்துக்களோடு சிரியன் கிறித்தவ நிலவுடைமையாளரும் அடங்குவர் என்பதும் மறக்கற்பாலது அன்று. கிறித்தவம் எல்லையின் இரு பக்கத்தில் அன்றி, அடிமைமுறையின் இரு பக்கத்திலும் இருந்தது.

பள்ளியும் கைத்தொழிலும்

மூன்றாவது வழிமுறை கல்வியும் தொழிற்பயிற்சியும். 1806இல் திருநெல்வேலியிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூரில் நுழைந்த இலண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே, மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பின்பேரில் அங்குப் பணியைத் தொடங்கினார். இது ஐரோப்பியர் தேடிச்சென்ற தொண்டு என்பதைவிட, அடித்தளச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தேடிப்பெற்ற தொடர்பு என்பதே பொருந்தும். இச்செய்தி, உதவி பெற்றோரை வெறும் பெறுநராகக் காணும் பார்வையைத் திருத்துகிறது.

1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு எழுத்தறிவோடு பின்னல் சரிகைத் தொழிலையும் கற்பித்தார். பயின்றவர்களுள் அடிமைச் சிறுமியரும் இருந்தனர். தாம் ஈட்டிய பணத்தைக் கொண்டு அவர்களுள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். மனிதர் தம்மைத் தாமே வாங்கிக்கொள்ளும் இந்நிகழ்வில் ஒரு முரண் உண்டு. விலை கொடுப்பது, விற்கும் உரிமையை ஏற்பதாகவும் ஆகிறது. ஆனால் சட்டம் விடுவிக்காத காலத்தில், சட்டத்துக்காகக் காத்திராமல் விடுதலை பெற அவ்வொரு வழியே அவர்கள் கைக்கு எட்டியது.

சர்ச் மிஷனரி சங்கத்தின் தரப்பில் 1850இல் திருவிதாங்கூர் சென்ற அதன் மதராஸ் செயலர் டி.ஜி. ராக்லண்ட், அடிமைகளுக்கெனப் பள்ளி தொடங்கத் தூண்டினார். மலையாளப் பகுதியில் அப்பணியை மேற்கொண்டவர் ஜார்ஜ் மாத்தன். 1854இல் மல்லப்பள்ளியில் அடிமைச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் திருமுழுக்குப் பெற்றது அதன் தொடர்ச்சி. ராக்லண்ட் அதே ஆண்டில் வட திருநெல்வேலிக்கு வந்து, ஊர் ஊராகச் செல்லும் பணியை மேற்கொண்டு 1858இல் சிவகாசியில் இறந்தார். எல்லையின் இரு புறத்துப் பணிகளும் ஒன்றையொன்று அறிந்தே நடந்தன என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

உதவியின் எல்லைகள்

மேற்கண்ட மூன்று வழிமுறைகளும் உரிமையாளருக்கும் அடிமைக்கும் இடையிலான உறவையே குறிவைத்தன. சாதி என்னும் பரந்த அமைப்பு அவற்றின் இலக்குக்கு அப்பால் நின்றது. விடுதலை பெற்றவர் பொதுவழியில் நடக்கவும், அரசுப் பள்ளியில் சேரவும், மேலாடை அணியவும் மேலும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. தென் திருவிதாங்கூரின் மேலாடைக் கலகம் உச்சமடைந்தது 1858–59இல். அதாவது அடிமை ஒழிப்பு ஆணைக்குப் பின்னர். 1859 ஜூலையில் வெளியான அரசாணையும் நாடார் பெண்கள் உயர்சாதியினரைப் போன்று உடுத்துவதை முழுமையாக ஏற்கவில்லை.

திருச்சபைக்குள்ளும் சாதி நீடித்தது. தமிழகச் சூழலில் ஆ. சிவசுப்பிரமணியனின் கிறித்தவமும் சாதியும் இதை ஆவணப்படுத்துகிறது. திருவிதாங்கூரில் அடிமைச் சமூகத்தில் பிறந்த பொய்கையில் யோகன்னான், திருச்சபைகளில் தம் மக்கள் சமமாக நடத்தப்படாமையைக் கண்டு வெளியேறி, 1909இல் பிரத்தியட்ச இரட்சா தெய்வ சபையை நிறுவினார். ஏறத்தாழ அதே காலத்தில் அய்யங்காளி 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். அடிமைத்தனத்தின் நினைவை முன்னிறுத்தி யோகன்னான் உருவாக்கிய இயக்கத்தைச் சனல் மோகன் விரிவாக ஆராய்ந்துள்ளார். தொண்டு பெற்றவர்களே தொண்டின் குறையைச் சுட்டிக்காட்டும் நிலைக்கு உயர்ந்தமை, அத்தொண்டின் தோல்வியாக மட்டும் கருதப்பட வேண்டியதில்லை. பள்ளி அளித்த எழுத்தும், சமயம் அளித்த மீட்பு என்னும் மொழியும் அக்குறைகூறலுக்குக் கருவியாயின.

இன்றைய பொருத்தம்

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1843ஆம் ஆண்டுச் சட்டம் தொடாத கடனைத் தொட்டது. முன்பணத்துக்காக ஒருவரைக் கட்டாய உழைப்பில் வைத்திருப்பதை அது குற்றமாக்கியதோடு, அக்கடன் முழுவதும் செல்லாது எனவும் அறிவித்தது. கொத்தடிமை தன் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்படலாகாது என அது விதிப்பதும், தர்ம சங்கம் எதிர்கொண்ட அதே சிக்கலைச் சட்டமே ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது. மாவட்ட, கோட்ட அளவிலான கண்காணிப்புக் குழுக்களின் பொறுப்பில் மறுவாழ்வையும் அது வைத்தது.

இக்காலக் கிறித்தவ அமைப்புகளின் பணிமுறையும் மாறியுள்ளது. 1997இல் அமெரிக்காவில் தோன்றிய இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன், தமிழ்நாடு உள்ளிட்ட இடங்களில் கொத்தடிமை மீட்பில் அரசு நிருவாகத்தோடு இணைந்து செயல்படுகிறது. தானே நிலம் வாங்கிக் குடியமர்த்துவதைவிட, உள்ள சட்டத்தை நடைமுறைப்படுத்தச் செய்வதே இவ்வகைப் பணியின் மையம். 1847ஆம் ஆண்டு மனுவின் வழித்தோன்றலாக இதைக் கொள்ளலாம். ஆனால் மீட்கப்பட்டவர் திரும்பிச் செல்லும் ஊரில் அவருக்கு மனையும் வேலையும் இல்லையெனில் மீண்டும் முன்பணம் பெறும் நிலை நேரும். இங்குத்தான் பழைய மூன்று தேவைகளும் மீண்டும் எழுகின்றன.

முடிவுரை

தென்காசி – செங்கோட்டை எல்லையை முன்வைத்த இவ்வொப்பீட்டிலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. சட்டநிலை மாற்றம் விடுதலைக்கு இன்றியமையாதது; ஆயினும் போதுமானது அன்று. தென்காசிப் பகுதி செங்கோட்டையைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அம்மாற்றத்தைப் பெற்றது. மனை, கடன், கூலி ஆகியன மாறாதவரை பண்ணையாளின் கட்டு நீடிக்க அது இடமளித்தது.

2. அருட்பணி அமைப்புகள் கையாண்ட நிலம், மனு, பள்ளி ஆகிய மூன்றும் விடுதலையின் வெவ்வேறு தேவைகளுக்கு விடையளித்தன. இவை பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு சமூகத்தினரிடையே தனித்தனியே நிகழ்ந்ததால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்ப இயலவில்லை. நிலம் கிடைத்தவர் நன்செய் அடிமை அல்லர். மனுவால் பயன்பெற்றவருக்கு நிலம் கிடைக்கவில்லை.

3. தொண்டு எளிதில் சென்றடைந்த இடம் பனைநிலம். கட்டு மிக இறுகியிருந்த இடம் நன்செய். எனவே ஓர் அமைப்பின் பணியை அது சென்றடைந்தோர் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுவது பிழையாகும். சென்றடைய இயலாதோர் யாவர் என்பதும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

4. மகாராசன் வேதமாணிக்கம், நாகர்கோவில் சிறுமியர், பொய்கையில் யோகன்னான் ஆகியோரின் செயல்கள், நலிந்த மக்கள் உதவியைத் தேடியும், பயன்படுத்தியும், குறைகண்டபோது மறுத்தும் இயங்கியதைக் காட்டுகின்றன. அருட்பணி வரலாற்றை எழுதுவோர் அருட்பணியாளரின் நோக்கத்தை மட்டும் ஆராயாமல், இவர்களின் முடிவுகளையும் தரவாகக் கொள்ளுதல் வேண்டும்.

செங்கோட்டை வட்டத்தின் திருவிதாங்கூர்க் கால நில ஆவணங்களையும், தென்காசி வட்டத்தின் அதே காலத்து வருவாய்ப் பதிவேடுகளையும் ஊர்வாரியாக ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.